சொரசொரப்பான கழுத்து

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச் பதினான்காம் தேதி மாலை, ஓட்டல் விருந்துக்கூடத்தின் மேடைப் படியில் என் மனைவியின் அண்ணன் தடுக்கி விழுந்தார். டிரம்பெட் அப்போது அவர் வாயில் இருந்தது. மேல்வரிசையில் முன்பற்களுக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பற்கள் போயின.

என்னை விசாரிக்கும் இந்தக் குழுவில் பல் மருத்துவர்களும் இருப்பதால் இதைச் சொல்லத் தயக்கமில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பல் இழந்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மற்றவர்கள் கன்னாபின்னாவென்று விழுகிறார்கள். மச்சான் அளவெடுத்தது போல விழுந்திருந்தார். என் கிளினிக் நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாப்பிள்ளை, மறுபடி ஊத முடியுமா?"

"தாராளமா முடியும் மச்சான்," என்றேன். அப்போது அது உண்மை.

ஊதுவதுதான் அவர் பிழைப்பு. அதை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னால் வீட்டை வெள்ளக்காடாக்கிவிடுவார். எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறையில்தான் இருந்தார். விடியும் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுவார். அந்தச் சத்தத்துக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது.

குழுவில் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு. அதன் உடல் சொரசொரப்பாக இருந்தால் எலும்பு நன்றாகக் கவ்விக்கொள்ளும். மேலே ஈறு தொடும் இடத்தை, அதாவது கழுத்தை, பெரும்பாலும் வழவழப்பாக மெருகேற்றியிருப்பார்கள். அங்கே அழுக்கு தங்கினால் ஈறு வீங்கும். வீக்கம் உள்ளே இறங்கினால் எலும்பு கரையும். கழுத்து வரை சொரசொரப்பாக வரும் திருகுகளும் உண்டு. அவற்றை முழுவதுமாக எலும்புக்குள் புதைக்க வேண்டும்.

எலும்பு கவ்வும் என்றால் ஈறும் ஏன் கவ்வாது என்பது என் கேள்வி. என்னோடு கிளினிக் நடத்தும் டாக்டரம்மாவுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது.

"எலும்பு வேற, ஈறு வேற டாக்டர். சொரசொரப்பு வெளிய தலை நீட்டினா கிருமி பால் காய்ச்சிக் குடிவந்துடும். அப்புறம் காலி பண்ண வைக்கிறது நம்மால ஆகாது," என்று தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே சொல்வார். உதவியாளர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதனால் மச்சானுக்கு ஒரு பக்கம் வழவழப்பான கழுத்து, மறுபக்கம் சொரசொரப்பான கழுத்து வைத்தேன். சொரசொரப்பானதை முழுவதும் எலும்புக்குள் புதைக்காமல் கொஞ்சம் வெளியே நிறுத்தினேன். ஒரே வாய், ஒரே எச்சில், ஒரே பிரஷ். இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைக்காது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் விழுந்து விழுந்து தேய்த்திருப்பார். சோதனை கெட்டிருக்கும்.

எலும்பு பிடித்து, மேலே பல்லும் மாட்டி, அவர் மீண்டும் மேடை ஏறியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் டிரம்பெட்டின் வாய்முனையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, வலது பக்கம் லேசா ரத்தம் வருது. மேல் ஸ்வரம் பிடிச்சா காத்து கசியுது. பேண்ட் மாஸ்டர் முறைக்கிறான்."

"புதுப் பல்லு மச்சான். பழகிடும். ஒரு மருந்து தரேன், கொப்பளிங்க."

அந்த மருந்து நிறம் போட்ட தண்ணீர். இதைக் குற்றப்பத்திரிகையில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பாதியில் வைத்தியம் செய்தால் முடிவு எப்படித் தெரியும் என்பதையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம். மச்சான் ஒரு வேளைகூடத் தவறாமல் கொப்பளித்தார். "மருந்து நல்லாவே இருக்கு மாப்பிள்ளை, வாய் மணக்குது," என்றுகூடச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் படம் எடுத்தேன். இடது ஈறு வெளிர் சிவப்பாக அழகாக இருந்தது. வலது ஈறு உப்பி, தொட்டால் சீழ் வந்தது.

என் எண்ணம் தவறு என்பதை ஒப்புக்கொள்ளும் பக்குவம் எனக்கு உண்டு. யாரோ ஒரு நோயாளி என்று சொல்லி, படங்களை நானே டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"இவர் எந்தக் கையால பல் தேய்ப்பார்?" என்றார்.

"வலது கை."

"அப்ப வலது பக்கம் பிரஷ் சரியா திரும்பியிருக்காது. இதுல கழுத்து மேல பழி போட முடியாது. தோத்தாலும் ஒழுங்கா தோக்கணும் டாக்டர்."

அவர் சொன்னது சரி. அந்த ஐயத்தைத் தீர்க்க, இடது கையால் பல் தேய்க்கும் ஒருவர் வேண்டியிருந்தது. என் மனைவி இடது கைப் பழக்கமுள்ளவள். அவளுக்குப் பல் ஒன்றுகூட விழவில்லை. அதுவரை அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தேன்.

"ரெண்டு பக்கமும் சின்ன விரிசல் மாதிரி தெரியுதும்மா. இப்பவே எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுட்டா நல்லது."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நம்ம கிளினிக் வரவேற்பு மேசையில உக்காந்து எத்தனை வருஷம் கேட்டிருக்கேன். உங்களுக்குக் கார் மாத்தணும்னு தோணினா ஊர்ல இருக்கிற பல்லெல்லாம் விரிஞ்சிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாள் அந்தப் படத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். விரிசல் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வாயைத் திறந்த மாத்திரத்தில் டாக்டரம்மாவுக்கு அந்த யாரோ ஒரு நோயாளி யாரென்று புரிந்துவிட்டது.

மூவரும் என் அறைக்கு வந்தார்கள். டாக்டரம்மா உட்காரவில்லை.

"இதுல கண்டுபிடிக்க என்ன டாக்டர் இருக்கு? நாம படிச்சப்பவே பாடத்துல இருந்த விஷயம்தானே?"

தெரிந்ததைச் சரிபார்ப்பதும் அறிவியல்தான் என்றேன். மச்சான் கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்தத் தண்ணியாவது மருந்துதானே?"

"நிறம் மட்டும்தான் மச்சான்."

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். நல்ல மனிதர். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வலது திருகைக் கழற்ற வேண்டியதாயிற்று. சுற்றிலும் எலும்பு கரைந்திருந்ததால் வேறொன்று வைக்க இடமில்லை. செயற்கைப் பல் மாட்டினாலும் வாய்முனையின் அழுத்தத்தை அது தாங்கவில்லை. பேண்டில் இப்போது வேறொருவர் ஊதுகிறார். மச்சான் அதே ஓட்டலின் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிறார். என் மனைவி அவரோடு தனி வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் எட்டு மணி வரை தூங்குகிறேன். உடம்புக்கு அது நல்லது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். டிரம்பெட்டை அவர் எப்போதும் உதட்டின் வலது ஓரத்தில் அழுத்தித்தான் ஊதுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இடது கெட்டிருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பார். அப்படியிருக்க, சொரசொரப்பானதை ஏன் வலது பக்கம் வைத்தேன்?

அதில் என் விருப்பம் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும். இப்படிப்பட்ட சோதனைகளுக்கு அதுதான் முறை. ஆகவே ஒரு நாணயத்தைச் சுண்டினேன். பூ விழுந்தால் இடது, தலை விழுந்தால் வலது.

பூ விழுந்தது. மறுபடி சுண்டினேன். மறுபடியும் பூ. மூன்றாம் முறை தலை விழுந்தது. வலது பக்கம் வைத்தேன்.