பன்னிரண்டாவது படத்துக்குத் தேவைப்பட்ட ஏரி

காலை பத்து மணிக்குமேல் வெளிச்சம் எனக்கு ஆகாது ஐயா; நிழல் செத்துப்போகும். அதனால்தான் ஏழு மணிக்கே அணைக்கட்டு மதகுக்குப் போனேன்.

எங்கள் சான் மெல்ச்சோர் ஊருக்கு நானூறு வருஷத்துப் பழைய வரைபடம் ஒன்று உண்டு. மரப்பட்டைத் தாளில் எங்கள் ஆள் எவனோ தீட்டியது. மலைகள், ஊற்றுகள், பாதை போகும் இடமெல்லாம் சின்னக் காலடித் தடங்கள், நடுவே நீலமாக ஓர் ஏரி. அவன் நின்று பார்த்த இடங்களில் நானும் நின்று படமெடுத்தேன். ஆறு வருஷத்தில் பதினோரு படங்கள் அச்சு அசலாக அமைந்தன. மிச்சம் இருந்தது ஏரி. அதை எப்போதோ வடித்துச் சோளக்கொல்லை ஆக்கிவிட்டார்கள். பள்ளத்தின் நடுவில் எவுலாலியா அம்மாவின் வீடு.

நகராட்சிக்கு நான்கு மனு போட்டேன். சிரித்தார்கள். கம்ப்யூட்டரில் நீலம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். நான் பொய்ப்படம் எடுக்கிறவன் இல்லை. அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் தண்ணி விட்டுக்கிறேம்மா. அறுப்புதான் முடிஞ்சிருச்சே."

"என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடக்காரு, போட்டோக்காரரே. அவரத் தூக்கி மரத்துலயா வைக்கிறது? ஏரி வேணும்னா அண்டாவுல ரொப்பி எடுத்துக்குங்க."

பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அதற்குப் பிறகு என்னை 'அண்டா' என்றே கூப்பிட்டார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று மதகுக்காவலர் உட்பட ஊரே கோயிலில் இருந்தது. எவுலாலியா அம்மாவும் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டைக் கூடையோடு போனதைப் பார்த்தேன். வடிகாலை முந்தின நாளே மணல் மூட்டை வைத்து அடைத்திருந்தேன். மதகைத் திறந்துவிட்டு, கொல்லை மேட்டில் கேமராவை நிறுத்தினேன்.

வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்ததாக நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நிக்கானோர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"யாருப்பா மேட்டுல? போட்டோக்காரரா? கட்டிலுக்கடியில தண்ணி வருதுப்பா. கொஞ்சம் இறங்கி வாங்களேன்."

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. எனக்குத் தெரியும். ஆனால் ஆள் இறங்கினால் தண்ணீர் கலங்கும். மறுபடி தெளிய ஒரு மணி நேரமாவது ஆகும். பத்து மணி ஆக அதிக நேரம் இல்லை. அவர் இன்னும் மூன்று தடவை கூப்பிட்டார். கடைசியில் என் பேரைச் சொல்லி, தொமித்தீலோ என்று. அதற்குப் பிறகு தண்ணீர் அசையவில்லை.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லாமல் என்ன ஐயா? ஊரார் ஓடிவந்து மதகை அடைத்துவிட்டார்கள். அந்த வீட்டுக் கூரை படத்தில் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இன்னும் அரைமணி விட்டிருந்தால் அதுவும் முழுகியிருக்கும்.