லீவரில் இரண்டு மில்லி

இரவு பதினொன்றே கால். இங்கே வடக்கே, குவுசமோ ஊரிலிருந்து ஹோஸ்ஸாவுக்குப் போகிற காட்டுச் சாலை. ஆகஸ்ட் கடைசி. இருபது கிலோமீட்டருக்கு ஒரு வீடு இருந்தால் அதிகம். பைன் மரம்... மறுபடி பைன் மரம்... நடுவில் கறுப்பாக ஒரு ஏரி. அந்தச் சாலையில் ஒருவன் தனியாக மோட்டார் சைக்கிளில் போனான்.

போனவன் பெயர் தைஸ்தோ. இதோ, மேல் படியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே யோர்மா, இவன் மனைவிக்கு அண்ணன். நாம் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கும் இந்தச் சவுனா என்கிற நீராவி அறையும் இந்த ஏரிக்கரை வீடும் தைஸ்தோவுடையவை. போன வருஷம் அவசர அவசரமாக யோர்மா தலையில் கட்டிவிட்டுத் தெற்கே போய்விட்டான். ஏன் என்று யோர்மா கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறான்.

விளக்கைப் போடாதீர்கள். அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். சத்தத்தில் நான் சொல்வது கேட்காது.

தைஸ்தோ மெக்கானிக். நல்ல மெக்கானிக் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூனில், நடுக்கோடைப் பண்டிகைக்கு முதல் நாள், பகல் பன்னிரண்டே காலுக்கு அவன் நல்ல மெக்கானிக்காக இல்லை. கடையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு நின்றான். பீரும் மீனும் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் எஸ்கோ வந்து சேர்ந்தான். சின்ன வயதிலிருந்து கூட்டாளி.

"நியூட்ரல் விழ மாட்டேங்குது. கிளட்ச்சைப் பிடிச்சாலும் வண்டி முன்னாடி நகருது" என்றான் எஸ்கோ.

"ஏண்டா, இன்னைக்குத்தான் உனக்கு இது தெரிஞ்சுதா?"

முறையாகச் செய்வதென்றால் எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கவரைத் திறந்து கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும். தைஸ்தோ அதெல்லாம் செய்யவில்லை. கடையை மறுபடி திறந்து கிளட்ச் கேபிளை இழுத்து முறுக்கினான், அவ்வளவுதான். நியூட்ரல் விழுந்தது.

எஸ்கோ இடது கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வெறும் விரலால் லீவரைத் தொட்டுப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கிளட்ச் லீவரில் இரண்டு மில்லி, அதாவது இரண்டு மில்லிமீட்டர், தளர்வு இருக்க வேண்டும். தொட்டால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தத் தளர்வு இல்லையென்றால் பிளேட்டுகள் ஒன்றையொன்று முழுசாகப் பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி போகாது.

டிக் சத்தம் வரவில்லை.

"டைட்டா இருக்கே?"

"ஓட ஓட இளகிடும். கிளம்புடா, எனக்கு நேரமாச்சு."

எஸ்கோ கிளம்பினான். முப்பது கிலோமீட்டர் தாண்டி, மரம் ஏற்றிய லாரி ஒன்றை முந்தப் போனான். எதிரே வேன். எஞ்சின் கத்தியது. வண்டி போகவில்லை.

சாயங்காலம் தைஸ்தோ சவுனா மூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்கோவின் மனைவி லெம்பி. எஸ்கோ போய்விட்டான் என்றாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னைக்கு உன் கடைக்கு வந்தானா?"

"வரலையே" என்றான் தைஸ்தோ.

போனை வைத்த பிறகுதான் சட்டைப்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எஸ்கோ மறந்துவிட்டுப் போன இடது கைத் தோலுறை. பண்டிகை முடிந்து கொடுக்கலாம் என்று மேஜையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான். எஸ்கோ வந்துபோனதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே எறிந்துவிட்டான்.

ஆமாம். இந்த அடுப்புத்தான். நகராதீர்கள், உட்காருங்கள்.

ஆகஸ்டில் லெம்பி அதே வண்டியை வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தாள். வேன் மோதியது எஸ்கோமேல்தான்; வண்டிக்குப் பெரிய சேதமில்லை. ஹேண்டில் வளைந்திருந்தது, அவ்வளவுதான். மகள் வென்லாவுக்குப் பத்தொன்பது வயது. ஊலு நகரத்தில் படிக்கப் போகிறாள். அப்பா வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்" என்றாள் லெம்பி. "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் தைஸ்தோ."

கவரைத் திறந்தான். பிளேட்டெல்லாம் கருகி, இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. காரணம் அவனுக்குத் தெரியாதா என்ன? ஒன்று விடாமல் புதுசு போட்டான். லீவரில் இரண்டு மில்லி வைத்தான். டிக். பூட்டிவிட்டுப் போனான்.

காலையில் வந்து தொட்டான். சத்தமில்லை. லீவர் விறைப்பாக இருந்தது.

கேபிளை மாற்றினான். டிக். மறுநாள் காலையில் விறைப்பு. திரும்பக் கழற்றி, ஒவ்வொரு பிளேட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினான். டிக். மறுநாள்... அதேதான். கடைக்குள் ஒரு நாற்றம் வேறு. கருகின கிளட்ச் எப்படி நாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இது வேறு. இது தோல் கருகுகிற நாற்றம்.

ஓட்டிப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் கொடுக்க முடியாது. அப்படித்தான் நான் முதலில் சொன்ன அந்த இரவு பதினொன்றே கால் வந்தது.

எஸ்கோ விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். முன் விளக்கு இல்லை. சத்தமும் இல்லை. பக்கத்தில் வர வர, ஓட்டினவன் இடது கையை லேசாகத் தூக்கினான். பைக் ஓட்டுகிற நாம் எல்லோரும் சாலையில் வணக்கமாகச் செய்வதுதான். முன்பின் தெரியாதவனுக்கும் செய்வோம். பதிலுக்குக் கை தூக்காமல் போவது மரியாதை இல்லை.

அந்தக் கையில் உறை இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

தைஸ்தோவின் கை எழவில்லை. அவன் விரல்களுக்கு அடியில் லீவர் தானாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெதுவாக... யாரோ பக்கத்திலிருந்து சேர்த்துப் பிடிக்கிற மாதிரி. எஞ்சின் வீறிட்டது. வண்டி தளர்ந்து தளர்ந்து நின்றது. திரும்பிப் பார்த்தான். வெறும் சாலை.

நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே லெம்பி வீட்டுக்குப் போனான். சமையலறையில் விளக்கு எரிந்தது.

"அன்னைக்கு வந்தான் லெம்பி" என்றான் வாசலிலேயே. "நான்தான் கேபிளை முறுக்கினேன். துளி தளர்வு விடலை. டைட்டா இருக்குன்னு அவனே சொன்னான். நான்தான் கிளம்புன்னு விரட்டினேன்."

அவன் வருவதை ஜன்னலில் பார்த்ததுமே லெம்பி அவனுக்காகக் காபி ஊற்றியிருந்தாள். அந்தக் கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றான் தைஸ்தோ.

மாடிப்படியில் உட்கார்ந்து வென்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே வண்டியிடம் போனாள். ராத்திரியின் அமைதியில் உள்ளே வரைக்கும் கேட்டது. டிக்.

"தளர்வு சரியா இருக்கு" என்றாள் திரும்பி வந்து. "வண்டியை விட்டுட்டுப் போங்க மாமா."

அன்றிலிருந்து அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவள் ஊலு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். தைஸ்தோவும் நன்றாகத் தூங்கினான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டதே, பிறகென்ன.

அக்டோபரில் ஒரு ராத்திரி கடையில் தனியாக இருந்தான். போன் அடித்தது. வென்லா.

"வண்டி எப்படிம்மா ஓடுது?"

"நல்லா ஓடுது மாமா. ஒண்ணு கேக்கணும். எதிர்ல வர்ற பைக்காரங்க எல்லாரும் எனக்கு ரெண்டு தடவை கை தூக்குறாங்க. எனக்கு ஒரு தடவை... அப்புறம் இன்னொரு தடவை."

"சின்னப் பொண்ணு ஓட்டுறியேன்னு தூக்குவாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்குப் பெட்ரோல் போடும்போது ஒரு வயசானவர் வந்தார். 'உன் பின்னாடி உக்காந்து வந்தாரே, அவர்கிட்ட சொல்லும்மா, இந்தக் குளிர்ல இடது கையில உறை இல்லாம வரக் கூடாது'ன்னார்."

தைஸ்தோ போனை மறு காதுக்கு மாற்றினான்.

"போலீஸ் குடுத்த பையில வலது கை உறை மட்டும்தான் இருந்துச்சுன்னு அம்மா சொல்லுவா" என்றாள் வென்லா. "மாமா... அப்பாவோட இடது கை உறை உங்ககிட்ட இருக்கா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

"என்கிட்ட ஏதும்மா" என்றான்.

காதில் ஒரு சின்னச் சத்தம். டிக்... டிக்...

"வண்டிகிட்டயா நிக்கிற வென்லா? லீவரை அழுத்தாதே."

"நான் நாலாவது மாடியில என் ரூம்ல இருக்கேன் மாமா" என்றாள். "அந்தச் சத்தம் உங்க பக்கத்துலேர்ந்துதான் கேக்குது."