முதுகைப் பார்க்கும் கேமரா

தேச்சம்மா: மார்ல கட்டுறது, ஹெல்மெட்ல ஒட்டுறது எல்லாம் அப்புறம் பாக்கலாம், மாச்சய்யா மாமா. எனக்குப் பின்னால ஒருத்தனும் இல்லன்னு காட்டுற கேமரா இருந்தா எடுங்க!

மாச்சய்யா: பைக் கிளப் சண்டையை கிளப்புல வச்சுக்கம்மா. இங்க நான் வெறும் கடைக்காரன்.

தேச்சம்மா: அங்க செயலாளரா உக்காந்து என் பேரை அடிச்சதும் இதே கைதானே? தேர்வுப் பந்தயத்துல முதல்ல வந்தவளை, "சேத்து மேட்டுல வண்டியைத் தள்ளிவிட்டாங்க"ன்னு எழுதி வெளிய அனுப்பினீங்களே. கண்ணால பாத்தீங்களா?

மாச்சய்யா: கீழ காவலுக்கு நின்ன ஆளு பாத்தான். கொட்டுற மழைல ரெண்டு உருவம், ஒரு வண்டி. ஒருத்தர் தள்ள, ஒருத்தர் ஓட்ட…

தேச்சம்மா: உடனே ஓட்டினது பொம்பளைதான்னு முடிவு கட்டியாச்சு! அந்த மேடு ஏற எனக்குத் தெம்பு இல்லையா? ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல?

நானய்யா: தேச்சு, மெதுவா பேசேன்… மாமா, அந்த ரெண்டு கண்ணு கேமராவை எடுங்க. முன்னும் பின்னும் சுத்திப் பாக்குமே, அது.

மாச்சய்யா: அதுக்குக் குச்சி வேணும். ஹெல்மெட்டுக்கு மேல ஒரு முழம் நிக்கும். காப்பித் தோட்டத்துல முதல் கிளையே முறிச்சுடும். தாடைக்குக் கீழ ஒட்டுறதுதான் நல்லது, கண்ணு போற பக்கம் படம் போகும்.

நானய்யா: எதுவானாலும் நான் வாங்கித் தரேன்.

தேச்சம்மா: ஒண்ணும் வேணாம். உன் கேமரா எங்க, அண்ணா? எனக்குப் பின்னாலதானே நீ ஏறின?

நானய்யா: அது மார்ல கட்டினது… குனிஞ்சு ஏறும்போது பெட்ரோல் டேங்க்தான் தெரியும். வேற ஒண்ணும் இல்ல.

தேச்சம்மா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே!

மாச்சய்யா: பெரியப்பா மகன்கிட்ட ஏன் பாயுற? இமாசலப் பந்தயத்துக்கு உன் இடத்துல அவன் போறான், அது அவன் தப்பா?

தேச்சம்மா: அப்ப என் தப்பா?

மாச்சய்யா: சரி, கேளு. மணி நாலரை. அஞ்சுக்கு மேல முறையீடு செல்லாது. அந்த மேட்டுல தள்ளுறதே நடக்கலன்னு காவேரம்மை மேல சத்தியம் பண்ணு. இப்பவே உன் பேரைச் சேக்குறேன்.

தேச்சம்மா: என் வண்டியை யாரும் தொடலன்னு சத்தியம் பண்றேன்.

மாச்சய்யா: நான் அதைக் கேக்கல. எந்த வண்டியையும் தள்ளலன்னு சொல்லு.

தேச்சம்மா: என் வண்டியைப் பத்தி மட்டும் கேளுங்க, மாமா.

மாச்சய்யா: பாத்தியா! நழுவுறியே!

தேச்சம்மா: மூணு வருஷம் அந்தச் சேத்துல விழுந்து எழுந்து கத்துக்கிட்டேன், மாமா. தோள்பட்டை ரெண்டு தடவை விலகிச்சு. இந்த ஒரு பந்தயத்துக்குத்தான்! ஆனா பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்… குடுத்த சத்தியத்தை மீறவும் மாட்டேன்.

மாச்சய்யா: குடுத்த சத்தியமா? யாருக்குக் குடுத்தே?

நானய்யா: எனக்கு, மாமா. சேத்துல சிக்கினது என் வண்டி. இவ மேல ஏறிப் பந்தயத்தை முடிச்சிட்டு, வண்டியை நிறுத்திட்டு, எனக்காக இறங்கி வந்து தள்ளினா. "வெளிய சொல்லாதே"ன்னு அங்கேயே சத்தியம் வாங்கினேன்… என் பேரை அடிங்க.