படத்தில் விழுந்த மயிர்

புரொஜெக்டரை வாயால் ஊதக் கூடாது. எல்லாரும் செய்கிற பிழை அது. ஊதினால் எச்சில் பட்டுத் தூசி இன்னும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரு தரம் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் என் மனைவி மார்ஜரியைப் பற்றிக் கேட்கிறீர்கள் ஐயா. அதைத்தான் சொல்கிறேன். சிங்களத்தில் எழுதுகிறீர்கள், என்ன எழுதினாலும் கைநாட்டு வைப்பேன். பொலிசையும் நான் நம்புவதில்லை, ஆஸ்பத்திரியையும் நம்புவதில்லை. அதற்காகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

அந்தப் புரொஜெக்டர் எங்கள் தோட்டத்துத் துரை விட்டுப் போனது. எங்கள் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவர் பிடித்த படமும் அதோடு கிடைத்தது. சத்தமில்லாத சின்னப் படம். மார்ஜரி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாள். வேறு பிரதி கிடையாது. படச்சுருள் ஓடுகிற பாதையில், விளக்குக்கு முன்னால், நகத்தளவு ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதில் மயிர் சிக்கினால் சுவரில் கயிறு மாதிரித் தெரியும். மண் துகள் சிக்கினால் அவள் முகத்தில் முதலிலிருந்து முடிவு வரை கோடு கிழித்துவிடும். கிழித்தது கிழித்ததுதான்.

எங்கள் வீடு ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையோரம். காற்றுக்கும் தூசிக்கும் பஞ்சமில்லை. ஜன்னல்களை ஆணி அடித்து மூடினேன். பஞ்சுத் தலையணை, சாக்கு, பூனை எல்லாம் வெளியே போயின.

போன வருஷம் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமயிர் கொத்துக் கொத்தாக விழுந்தது. ஒரு நாள் படம் ஓடும்போது, சுவரில் சிரிக்கிறவளின் கழுத்தைச் சுற்றி ஒரு மயிர் நெளிந்தது. நான் ஏசினேன்.

"மொட்டையடிச்சு விடுங்க. அப்பறம் விழுறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல" என்றாள்.

அடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஒன்று விழுந்தது. நரைத்த, கட்டை மயிர். அதனால்தான் அவள் கட்டிலை விறகுக் கொட்டிலுக்கு மாற்றினேன். குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான், தூரமில்லை.

பக்கத்து வீட்டு ஸரீனா கஞ்சி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மெஷினுக்கு ரூம், மனுசிக்குக் கொட்டிலா அண்ணே?"

"மெஷினுக்கு முடி கொட்டாது."

"அவ தலையில எங்க முடி இருக்கு? மொதல்ல ஒங்க தாடிய வழிங்க."

ஊர் வாய்க்கு என்ன வேண்டுமானாலும் வரும். இனி வரவேண்டாம் என்று சொல்லி வாசல் படலையைக் கட்டினேன்.

அன்று பின்னேரம் மழையும் காற்றும். மேகம் இறங்கி வீடு இருட்டிவிட்டது. படம் ஓட்ட நல்ல நேரம். குசினிக் கதவைத் தாழிட்டு, கீழ் இடுக்கில் ஈரத்துணி திணித்து, எல்லாம் துடைத்து, சுருளை மாட்டினேன். அப்போதுதான் அவள் தட்டினாள். நடக்க முடியாதவள், தவழ்ந்துதான் வந்திருப்பாள்.

"என்னங்க, கூரைத் தகரம் பறந்துருச்சு. நனையிறேன். கதவைத் தொறங்க."

"இரு, இது முடியட்டும்" என்றேன்.

காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தது. திறந்திருந்தால் அந்தக் காற்று அடுப்புச் சாம்பலைத் தூக்கிக்கொண்டு நேரே படத்துக்கு வந்திருக்கும். முடிந்ததும் திறந்திருக்கலாம். ஆனால் அன்று படம் அவ்வளவு துப்புரவு. ஒரு புள்ளி இல்லை. திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினேன். அதற்குப் பிறகும் ஓட்டினேன். அவள் தட்டுவது மெதுவாகி நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்ததாக எழுதாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தொந்தரவு நின்றது என்றுதான் நினைத்தேன்.

பிறகு திறந்தேன். கதவடியில் நனைந்து விறைத்துக் கிடந்தாள். இத்தனை வருஷத்தில் படம் இவ்வளவு தெளிவாக ஓடியதில்லை, ஐயா. மார்ஜரியைக் கூப்பிட்டுக் காட்டத்தான் கதவைத் திறந்தேன்.