வண்டிக்கு முன்னால் ஒரு பலகை

— கைய எடுடா தோள்லேருந்து. கிரீஸ் நாத்தம் குடலப் புடுங்குது.

— விழுந்துடப் போறியேன்னுதான் அக்கா புடிச்சேன். தரையெல்லாம் டீசல். இந்த ஸ்டூல்ல உக்காரு.

— அதுலயா? ஒரு விரக்கடை அழுக்கு நிக்குது. சீ, அதென்ன புகைக் குழாய்லேருந்து தொங்குது, மயிரும் பஞ்சுமா?

— எலிக் கூடு. காலைல ரெண்டு செத்த குஞ்சு வந்துது. மிச்சம் உள்ள இருக்கும் போல.

— கருமம்! நீ பல்லு புடுங்கற டாக்டரா, எலி புடுங்கற டாக்டரா? இந்தக் கையத்தானே நாளைக்கு ஊரார் வாய்க்குள்ள விடப் போறே?

— கையுறை போட்டுப்பேங்க்கா.

— வாயத் தொறக்கறவனுக்குத் தெரிஞ்சா தெறிச்சு ஓடிடுவான். ஊர்ல அவனவன் லீவு நாள்ல பேப்பர் படிக்கறான், தூங்கறான். நீ துருப்புடிச்ச ட்ராக்டரா வாங்கி அடுக்கறே. ஆறு போதாதுன்னு ஏழாவதா இத வேற கொண்டு வந்திருக்கே. உலகத்துல உனக்கு வேற வண்டியே கிடைக்கலையா?

— தேடித்தாங்க்கா எடுத்தேன். ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால, முள்ளுக்குள்ள கெடந்துது. எஞ்சின் நம்பரத் தொடச்சுப் பாத்தேன். நம்ம வண்டி! அங்கேயே வெல பேசி முடிச்சுட்டேன்.

— அப்பா உயிரக் குடிச்ச சனியன். பழைய இரும்புக்குப் போட்டுத் தலை முழுகினோம். அதப் போய் நடுவீட்டுல வச்சுச் சிங்காரிக்கறே. அது சரி, அந்த நட்டெல்லாம் எதுல ஊறுது? அம்மா பால் காய்ச்சின பாத்திரம்தானே அது?

— அது அடியில ஓட்டைக்கா.

— ஓட்டைப் பாத்திரத்துல எப்படிடா எண்ணெய் நிக்குது?

— சரி, ஓட்டை இல்ல. விடேன். அதுக்கா உன்ன வரச் சொன்னேன்? இதோ, பெயின்டரே வந்துட்டாரு.

— அம்மா, வணக்கங்க. பலகை எழுதியாச்சு. வீட்டுக்குப் பெரியவங்க நீங்க ஒருவாட்டி பாத்துட்டா வார்னிஷ் இழுத்துடுவேன்.

— என்ன பலகை?

— ஞாயித்துக்கெழம பழைய வண்டிக் கண்காட்சிக்கா. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலயும் அதோட கதைய எழுதி வைக்கணும். எந்த வருஷத்து வண்டி, யாரு வச்சிருந்தாங்க, எதை மாத்தினாங்கன்னு. பொய் எழுதினா வண்டிய உள்ளயே விட மாட்டாங்க. எங்க கூட்டத்துக் கட்டுப்பாடு அது.

— குப்பைக்கு ஒரு கட்டுப்பாடு. ஆட்டாமப் புடிப்பா, படிக்கணும். “இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி, முதல் உரிமையாளரால் அறுத்து எடுக்கப்பட்டது. அதனால் நேர்ந்த விபத்தில் அவரே உயிரிழந்தார்.” என்னடா இது? அப்பாவையா எழுதியிருக்கே?

— கோவப்படாம இங்க குனிஞ்சு பாரு. வலது சக்கரத்துக்கு ஒரு மிதி, இடதுக்கு ஒரு மிதி. வயல்ல தனித்தனியா மிதிப்பாங்க, சட்டுன்னு திரும்பறதுக்கு. ரோட்டுக்கு வந்தா ரெண்டையும் கொக்கி போட்டு...

— பாடம் எடுக்காதே. தெரியும். பூட்டலேன்னா ஒரு பக்கம் மட்டும் புடிச்சு வண்டி கவுந்துடும். வண்டி ஓட்டின உங்க அண்ணன் பூட்ட மறந்தான், மட்கார்டுல உக்காந்திருந்த அப்பா அடியில போயிட்டாரு. அவனே ஒத்துக்கிட்டதுதானே?

— ஒத்துக்கிட்டான். ஆனா கொக்கியே இல்லியேக்கா. ரம்பத்தால அறுத்திருக்கு. அந்தத் தழும்பு மேல பெயின்ட் தடவி மறைச்சிருக்கு. அன்னிக்குக் கல்லு உரசின கீறல் அந்தப் பெயின்ட்டுக்கு மேல ஓடுது. அப்படின்னா விபத்துக்கு முன்னாடியே அறுத்தாச்சு. இல்லாத கொக்கிய ஒருத்தன் எப்படி மாட்ட மறப்பான்?

— அதுக்காக அப்பா தலையில கட்டுவியா? ஒரு ஆணி வளைஞ்சிருந்தாக்கூட நிமித்தி வச்ச மனுஷன்டா அவரு.

— வேற யாரு பண்ணியிருப்பா? எனக்கு அப்போ பன்னண்டு வயசு. அப்பா பேரு கெடக் கூடாதுன்னுதான் அண்ணன் பழிய ஏத்துக்கிட்டிருக்கான். நீ என்ன பண்ணே? அப்பனைக் கொன்னவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னே. அம்மா அழுதா, நீ கேக்கல. அவ செத்தப்போகூட அவன் தெருமுனையில, செருப்பக் கையில வச்சுக்கிட்டு நின்னான். நாப்பது வருஷங்க்கா.

— நம்ம வீட்டு மானத்த மைதானத்துல விரிச்சு வச்சா அவனுக்குக் கொம்பு மொளைச்சிடுமா? புதுசா ஒரு கொக்கி அடிச்சு வெல்டு வச்சிடு. பலகைய ஒடச்சு அடுப்புல போடு.

— முடியாது. ஞாயித்துக்கெழம அண்ணன வரச் சொல்லியிருக்கேன். நாலு பேரு முன்னாடி அவன் இதப் படிக்கணும். செத்தவரு பேரு பெருசா, உயிரோட இருக்கறவன் பேரு பெருசா?

— ரெண்டும் பெருசுதான்டா, மடையா. அப்பா அந்தக் கொக்கியத் தொட்டிருக்க மாட்டாரு.

— உனக்கெப்படித் தெரியும்? அவரு இல்லேன்னா யாருன்னு சொல்லு. இந்த நிமிஷமே மாத்தறேன்.

— அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வெயில் ஏறுது, எழுத்து காஞ்சிடுச்சுன்னா அப்புறம் சொரண்டித்தான் எடுக்கணும்.

— இருப்பா. “முதல் உரிமையாளரால்”ங்கறத இப்போ அழிக்க முடியுமா?

— ஈரமாத்தான் இருக்கு. துணி வச்சா போயிடும். அந்த எடத்துல என்ன போட?

— “முதல் உரிமையாளருடைய மூத்த மகளால்”னு போடு. அடுத்த வரியில “அவரே”ங்கறத “தந்தை”ன்னு மாத்திடு.

— அக்கா! அப்பாவக் காப்பாத்தறதுக்காக வாய்க்கு வந்ததச் சொல்லாதே.

— அப்பா வெளியூர் போற நாளெல்லாம் நான் ஓட்டுவேன்டா. பொம்பளப் புள்ள ட்ராக்டர்ல ஏறக் கூடாதும்பாரு. அந்தக் கொக்கியில புடவை சிக்கி ரெண்டு தடவ கிழிஞ்சுது. தெரிஞ்சா டீச்சர் படிப்ப நிறுத்திடுவாருன்னு, மூணாவது தடவ கிழியறதுக்கு முன்னாடி அறுத்துட்டேன். அவரு திரும்பி வர்றதுக்குள்ள பெயின்ட்டும் நானே தடவினேன். என்ன பாக்கறே? எழுதுப்பா. “ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை”ன்னும் சேத்துக்கோ. வேற யாரோன்னு ஒருத்தரும் நெனச்சிடக் கூடாது.

— எழுத்து கொஞ்சம் நெருக்கமா வருங்கம்மா.

— நெருக்கி எழுது.

— அக்கா... நீ அறுத்தது அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியும். தெரிஞ்சவன்ங்கறதாலதான் அவன வாசப்படி ஏற விடல.