வலது பாதத்தில் ஓர் அம்பு

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது மேடம். எங்கள் தையல் கம்பெனியில் இப்படி ஒரு விளக்கு வேண்டும் என்று மூன்று வருடமாக நச்சரிக்கிறேன், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. இந்த வெளிச்சத்தில் உங்கள் இடது தோள் தையலில் நூல் விட்டிருப்பதுகூடத் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் வேலை. தைத்து வரும் சட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கின் கீழே விரித்துப் பார்ப்பேன். பிழை இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். பிரித்துத் தைப்பது வேறு பிரிவின் வேலை. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்பதால் அங்கே எல்லாரும் என்னைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதும் அதே ஸ்டிக்கர்தான். என்னுடையதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டில் எனக்கு வேறு பெயர். அக்கா என்னைப் பராக்கு என்பாள். ஆறு வயதில் கடைத்தெருவில் பராக்குப் பார்த்துக்கொண்டே நின்று தொலைந்துபோனேனாம். அன்றைக்கு வைத்த பெயர், எனக்கு நாற்பத்தெட்டு ஆன பிறகும் விடவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். படிக்க வைத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பாள். என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்த ஒரே மனிதரிடம், "அடுப்புல பால வெச்சுட்டு ஜன்னலப் பாத்துட்டு நிப்பா, நல்லா யோசிச்சுக்கோங்க" என்று சொன்னவளும் அவள்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவர் சிரித்தார். யோசித்தும் கொண்டார்.

அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அவளுடைய வலது கால் நாள் முழுக்க அதன்மேல்தான் இருக்கும். அவளுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வருடத் தொடக்கத்தில் பாதம் எரிய ஆரம்பித்தது. சுடுமணலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பாள். குளியலறை ஈரத்தரையில் போய் வெறுங்காலோடு நிற்பாள். ஒருநாள் அங்கேயே நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்தது மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஒருத்தி, அவள் வீட்டுக்காரருக்கும் இதே எரிச்சல் என்றும், ஏதோ ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தது என்றும் சொன்னாள். பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நேர்மையான ஆள். "டாக்டர் குடுத்ததை நிறுத்தாம இதையும் சாப்பிடலாம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல" என்றார். வாங்கி வந்தேன்.

"எவன்டி உன் தலையில மிளகா அரைச்சான்?" என்றாள் அக்கா. ஆனாலும் விழுங்கினாள். வலி அப்படி.

மூன்று மாதத்தில் எரிச்சல் குறைந்தது. ஐந்தாவது மாதம் சுத்தமாக இல்லை. அன்றைக்குக் கீழ்வீட்டு அம்மாவை மாடிப்படியிலேயே நிறுத்தி வைத்து, "எல்லாம் என் தங்கச்சி கண்டுபிடிச்ச மாத்திரை. வாழ்க்கையில அவ உருப்படியா செஞ்ச ஒரு காரியம்" என்றாள். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். நாற்பத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. கீழ்வீட்டு அம்மா போன பிறகும் கொஞ்ச நேரம் குழாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். அவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். தொட்டால் சொல்ல வேண்டும். அக்கா இரண்டு இடத்தில்தான் சொன்னாள். பிறகு அவள் இரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போனபோது என்னிடம் சொன்னார்: "வலி போயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்கம்மா. மாத்திரை கேட்டும் வலி குறையலாம். நரம்பு செத்துப்போனாலும் குறையலாம். இவங்களுக்கு நடந்தது ரெண்டாவது சொன்னதுதான். கல்லு குத்தினாக்கூடத் தெரியாது. அவங்களால குனிஞ்சு பாக்கவும் முடியல. தினமும் பாதத்தை நீங்கதான் பாக்கணும். சின்னதா ஒரு கீறல் இருந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. பயந்துடப் போறாங்க, பக்குவமா நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

சொல்லத்தான் இருந்தேன். திரும்பும் வழியில் அக்கா ஒரு கடையில் நின்று எனக்குச் சீப்பு வாங்கினாள். தந்தம் மாதிரி வெள்ளைச் சீப்பு. "உன்னாலதான்டி நான் நடக்கறேன்" என்றாள். அந்த நேரத்தில் போய், அது என் மாத்திரையால் இல்லை, உன் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பாதத்தைத் தினமும் பார்த்தேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு காலை என் மடியில் போடுவாள். மேசை விளக்கை இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை எல்லாம் திட்டிவிட்டு, கடைசியில் என்னிடம் வருவாள். சீப்பு வாங்கித் தந்த இரண்டாவது வாரமே பழைய பேச்சு திரும்பிவிட்டது. "இன்னைக்கு ஒருத்தி வந்தா பாரு, அசல் உன்னை மாதிரியே. கண்ணு இருக்கும், பார்வை இருக்காது. நல்லாப் பாத்தியா பராக்கு?"

"பாத்தேன்க்கா. ஒண்ணும் இல்ல."

அன்றைக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

சட்டைப் பிழை பார்க்கிறவர்கள் எங்கள் உடுப்பின் கழுத்துப் பட்டையில் ஒன்றிரண்டு குண்டூசி குத்தி வைத்திருப்போம். டாக்டர் நூலால் சோதித்தார், நான் ஊசியால் சோதித்தேன். முதல் தடவை சோதனைதான், சத்தியமாக. பெருவிரலுக்குக் கீழே, பிரேக்கை மிதிக்கிற இடத்தில் மெல்ல அழுத்தினேன். அக்கா பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஊசி பாதி உள்ளே போன பிறகும் அவள் என் தலைமுடி வாரியிருக்கும் லட்சணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தபோது ஒரு பொட்டு இரத்தம். துடைத்தேன். மனதுக்குள் இத்தனை வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி அறிக்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட துளைகள் என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அது தப்பு. நாற்பத்தொன்று. என் கண்ணெதிரே அவள் பராக்கு என்று சொன்ன தடவைக்கு ஒன்று. கூடுதலாக ஒன்றுகூடக் குத்தியதில்லை. அந்தப் பெயரை அவள் சொல்லாத நாளில் காலைத் துடைத்து, விரலிடுக்கில் பவுடர் போட்டு, அப்படியே விட்டிருக்கிறேன். அப்படி நான்கு நாள் இருந்தது.

நாலாவது வாரம் அந்த இடம் சிவந்தது. பிறகு கன்றியது. பிறகு ஓட்டையானது. அதற்குப் பிறகும் அதே காலால்தான் அவள் நாள் முழுக்கப் பிரேக் மிதித்தாள். ஒருநாள் மிதித்தது போதாமல் வண்டி போய்ச் சுவரில் இடித்தது. கற்றுக்கொள்ள வந்தவளுக்குத்தான் திட்டு. "என்னடி ஒரு மாதிரி நாத்தம்?" என்று என்னைக் கேட்டாள். ஷூவுக்குள் வேர்வை என்றேன். காலுறையை மாற்றித் துவைத்துப் போட்டேன். "உன் மாத்திரை மட்டும் இல்லன்னா இந்நேரம் வேலையை விட்டிருப்பேன்" என்றாள். அதையும் அவள்தான் சொன்னாள். நான் எப்படி வாயைத் திறப்பது?

ஆனால் பிழையைப் பார்த்துவிட்டுக் குறிக்காமல் போவது என்னால் ஆகாத காரியம். உறக்கம் வராது. அதனால் கடைசிப் பத்து நாளும் அவளுக்குக் காலுறை மாட்டிவிடும் முன் புண்ணுக்குப் பக்கத்தில், காய்ந்த தோலாகப் பார்த்து, ஓர் அம்பு ஒட்டினேன். முனை சரியாகப் புண்ணைக் காட்டும்படி. குளித்தால் உரிந்துபோகும், மறுபடி புதிது ஒட்டுவேன். அவள் ஒரே ஒரு தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பார்வை இல்லாதவள் நானா அவளா என்று தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். வண்டியிலேயே குளிர்க்காய்ச்சல் வந்து சாய்ந்துவிட்டாள். கற்றுக்கொள்ள வந்த பெண்ணே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போயிருக்கிறாள், உரிமம்கூட இல்லாமல். நர்ஸ் காலுறையைக் கழற்றியதும் முதலில் பார்த்தது அம்பைத்தானாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நேற்று பார்க்க விட்டீர்களே, அப்போது அக்கா என் கையை விடவே இல்லை. "இல்லாத கால் எரியுதுடி. பழைய மாதிரியே எரியுது. உன் மாத்திரையைக் கொண்டாந்தியா?" என்றாள். வெளியே நின்ற போலீஸ்காரரைக் காட்டி, "இவங்க என்னென்னவோ சொல்றாங்க. நீ தினமும் பாத்தேன்னு நான் சொல்லிட்டேன்" என்றாள். என்னைப் பெயர் சொல்லி, என் சொந்தப் பெயரைச் சொல்லி, கூப்பிட்டாள். அதனால் நேற்று எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை.

ஊசி குத்தியது நான்தான். புண்ணை மறைத்ததும், டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள் மேடம். இரண்டாம் பக்கத்தில், கவனிப்பதாகச் சொல்லிவிட்டுக் கவனக்குறைவாக இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். என்னளவுக்கு அவளை இந்த உலகத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.