வாடையில்லாத கேஸ்

1967-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி காலை, குற்றாலம் போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் விசாரித்ததில் சொன்னது.

என் பெயர் ஆறுமுகநயினார், வயது 41, தகப்பனார் பெயர் காந்திமதிநாதன். தென்காசி கீழப்புலியூரில் குடியிருந்து வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். இறந்துபோன துல்கர்னைன் கடையநல்லூர்க்காரன், வயது 29. பம்பாயில் வேலை பழகி வந்து, ஆறு வருஷமாக என் பட்டறையில் வெல்டராக இருந்தான். எங்களுக்குள் எந்த விரோதமும் கிடையாது.

குற்றாலத்தில் புதிதாக வருகிற பழரசக் கம்பெனிக்கு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு எவர்சில்வர் தொட்டி செய்து கொடுக்க ஒப்புக்கொண்டோம். எங்கள் மிஷினில் கம்பி தானாக வந்து உருகும். உருகுகிற இடத்தில் காற்றுப் படாதபடி ஒரு கேஸ் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் சோடாவில் அடைக்கிற கேஸை வைத்து ஒரு துண்டை ஒட்டிப் பார்த்தோம். ஒட்டு கறுத்துப்போனது. எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்ததில் ஒரு வாரத்தில் துரு கண்டது. ஆகவே கொஞ்சம் ஆக்சிஜன் கலந்த ஆர்கான் என்கிற கேஸ் சிலிண்டரை மெட்ராஸிலிருந்து ரயிலில் தருவித்தேன். அதில் ஒட்டு பளிச்சென்று விழுந்தது. துல்கர்னைன் மட்டும், "சோடா கேஸ்னா மூக்குல சுருக்குனு ஏறும் அண்ணாச்சி, தெரிஞ்சு வெளிய வந்துரலாம். இதுக்கு வாடையே இல்லையே" என்றான். "வாடை இல்லேன்னா நல்லதுதானலே" என்று நான் சொன்னேன். கேஸைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு, கம்பெனிக் கொட்டகையில் வைத்து அவன் தொட்டிக்குள் இறங்கி உள்பக்க ஒட்டைப் போட ஆரம்பித்தான். அதன் பிறகு சாரல் காற்று பலமாகிக் கொட்டகைக்குள் அடித்ததில் கேஸ் கலைந்து, ஒட்டில் பொத்தல் விழுவதாக உள்ளேயிருந்து சொன்னான். அதன் பேரில் நான் தொட்டியின் வாயைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதன் பிறகு ஒட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. சுமார் அரை மணி கழித்துச் சத்தம் நின்றது. கம்பி மாற்றுகிறான் என்று நினைத்து, கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். அதன் பிறகு கூப்பிட்டேன், பதில் இல்லை. பாயை அவிழ்த்துப் பார்த்ததில் அவன் முழங்கால் போட்டபடி, தொட்டிச் சுவரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். நான் இறங்கி அவன் அக்குளில் கயிறு கட்டுவதற்குள் எனக்கும் தலை சுற்றியது. ஏறி வந்து, நானும் கம்பெனி வாட்ச்மேன் உச்சிமாகாளியும் இழுத்து, காரில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், அடியில் தங்கி மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அவன் பெண்சாதி ஹாஜரா பீவி வந்தாள். அழவில்லை. "கடைசியா எதுவும் சொன்னாவளா அண்ணாச்சி" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னான் என்று சொன்னேன். அது பொய். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே நான் சொல்லி எழுதியிருப்பது முழுவதும் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. இதை ஹாஜரா பீவிக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) கா. ஆறுமுகநயினார்